மாதுளைக்குப் பின்னால் இருந்த கறுப்பு

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கைப்பேசியில் தானாக மங்கும் வசதியை அணைக்காமலே படத்தைத் திருத்திவிட்டேன். இருட்டறையில் திரை மங்கிப்போனது. அதை நம்பி, நிழல்களை அளவுக்கு மேல் வெளிச்சமாக்கிவிட்டேன்.

அந்தத் தவறால்தான் அதைப் பார்த்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கதை கட்ட எனக்கு வராது. "உன்கிட்ட ஒழுங்கு இருக்கும்மா, கற்பனைதான் இல்ல" என்று மாலை வகுப்பு ஆசிரியரே சொல்லியிருக்கிறார். நான் நம்பும் ஒரே சாட்சி அவர்தான்.

புகைப்பட வகுப்பில் இந்த மாதப் பயிற்சி இதுதான்: மேசையில் பொருள்களை வைத்து இருண்ட படம் ஒன்று எடுக்க வேண்டும். அதைக் கைப்பேசிக்கு, கணினிக்கு, பெரிய திரைக்கு என மூன்று விதமாகத் திருத்த வேண்டும். ஒரு திரையில் ஆழமாகத் தெரியும் கறுப்பு இன்னொன்றில் சாம்பலாகிவிடும். சிறந்த படம் வகுப்பு வாசலில் உள்ள பெரிய திரையில் ஒரு மாதம் ஓடும். ஒரு வருடமாக அந்த இடத்துக்கு ஏங்குகிறேன்.

குட்டி சேர்ந்து இரண்டே மாதம். குட்டி என் தங்கை. "சும்மா உன் கூட வரேன்க்கா" என்று ஒட்டிக்கொண்டு வந்தவள்.

எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. அதே மூன்று மாதுளம்பழங்கள். அதே கண்ணாடிக் குடுவை. பின்னால் சுவரில் அதே கறுப்புத் துணி. அதே கேமரா. முதலில் நான் எடுத்தேன், பிறகு அவள். ஆசிரியர் என் படத்தைப் பார்த்து, "ம்… சுத்தமா இருக்கு" என்றார். நான் என்ன, பாத்திரமா விளக்கினேன்? அவள் படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இந்தக் கறுப்புக்குள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கே!"

வீட்டுக்கு வந்ததும் குட்டி கொஞ்சினாள். "என் படத்தையும் மூணு திரைக்கும் நீயே செஞ்சு குடேன். நீதான் பொறுமைசாலி. தங்கமான அக்கா இல்ல?"

வயிறு எரிந்தது. சரி என்றேன்.

அம்மாவும் அப்பாவும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தார்கள். குட்டி பால்கனியில் தோழியிடம் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்குகளை அணைத்தேன். ஏழே முக்கால் மணி.

அவள் படத்தை முதலில் கைப்பேசியில் திருத்தினேன். திரை மங்கியிருந்ததால் நிழல்களை உயர்த்திக்கொண்டே போனேன். வெறும் கறுப்பு. பெரிய திரையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஹாலில் இருக்கும் டிவிக்கு அனுப்பினேன்.

மாதுளைகளுக்குப் பின்னால், மேசையின் அந்த ஓரத்தில், நான்கு விரல்கள்.

துணியின் மடிப்பு என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நகங்கள் இருந்தன.

அந்த மேசை சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. பின்னால் ஒரு குழந்தைகூட நிற்க முடியாது.

"குட்டி! நீ படம் எடுக்கும்போது மேசைகிட்ட யாராவது இருந்தாங்களா?"

சிரிப்பு நின்றது.

"ஏன்?"

"சும்மா கேக்குறேன்."

"யாரும் இல்ல." சட்டென்று சொன்னாள். மீண்டும் சிரிக்கவில்லை.

என் படத்தைத் திறந்து நிழல்களை உயர்த்தினேன். இன்னும் உயர்த்தினேன். கடைசிவரை உயர்த்தினேன். சுவரில் தொங்கவிட்ட கறுப்புத் துணிதான் தெரிந்தது. ஒரு விரல்கூட இல்லை.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பேய்க்குக்கூட அவளைத்தான் பிடித்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். "அவகிட்ட அப்படி என்ன இருக்கு? என்கிட்ட வாயேன்."

டொக்…

சமையலறையிலிருந்து. மரத்தில் நகம் தட்டும் சத்தம்.

டொக்… டொக்…

என் படத்தை மறுபடி திறந்தேன்.

கைப்பேசியில் எதுவும் இல்லை.

கணினியில்… மேசை ஓரத்தில் விரல் நுனிகள்.

டிவியில்… முழு உள்ளங்கை. மாதுளைகளைத் தாண்டி வந்திருந்தது.

கேமராவை நோக்கி.

என்னை நோக்கி.

அவள் படத்தைத் திறந்தேன். வெறும் கறுப்பு.

விளக்கைப் போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

வகுப்பில் என் படம் தேர்வானது. "என்னம்மா, திடீர்னு உயிர் வந்திருச்சே!" என்றார் ஆசிரியர். குட்டியின் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஏதோ குறையுதே" என்று நகர்ந்தார். அவள் முகம் வாடவில்லை. வழி முழுக்கப் பாட்டு முணுமுணுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உனக்குக் கோபம் இல்லையா?"

"எதுக்கு? நான் வகுப்ப விடப்போறேன்க்கா."

"ஏன்டி?"

கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். இரண்டு மாதமாக அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றிருக்கிறார்கள். படிக்கும்போது, பல் தேய்க்கும்போது, விளக்கை அணைத்த பிறகு. தனியாக வீட்டில் இருக்கப் பயந்துதான் என்னோடு வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

"உன் இடத்தப் பிடிக்கணும்னா வந்தேன்? லூசு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பிருவியாக்கும்! உனக்குத்தான் கற்பனையே வராதே."

இருவரும் சிரித்தோம். எனக்கு அழுகை முட்டியது. இந்தப் பிள்ளை மேலா பொறாமைப்பட்டேன்?

"இப்ப?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரியிலேர்ந்து இல்லக்கா. திடீர்னு போயிருச்சு. நிம்மதியா தூங்குறேன்."

வெள்ளிக்கிழமை.

குட்டி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவள் பார்வை என் தோளுக்கு மேலே போனது.

அங்கேயே நின்றது.

"அக்கா… திரும்பாத."

நான் திரும்பவில்லை. இதை எழுதும்போதும் திரும்பவில்லை.

நாளைய வேலை: பெரிய திரைக்கான படத்தை மாலை ஆறரைக்குள் ஒப்படைக்க வேண்டும். இனிமேல் விளக்கைப் போட்டுக்கொண்டே கறுப்பைத் திருத்தப் பழக வேண்டும்.