கயிற்றுப் பக்கம் நிற்காதீர்கள்

போன வாரம் ஏர்வாடியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். நான் பாத்திரம் கழுவிய ஓட்டலை மூடிவிட்டார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே… எனக்கு ஓர் ஊர் போனால் இன்னோர் ஊர்.

பாதி வழி ஒரு லோடு வேன். மீதி நடை. கூடவே இருமல். ‘நடமாடணும்னா சிகரெட்டை விடு’ என்று இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். நடக்க முடியாவிட்டால் எனக்குப் பிழைப்பு ஏது? விட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு தோற்றால் அசிங்கம் பாருங்கள்.

ஆனால் வழியெல்லாம் பெட்டிக்கடை. சிகரெட் பெயரைப் போடக் கூடாது, பெட்டியை அடுக்கிக் காட்டக் கூடாது என்கிறது சட்டம். சரி, பெயர் இல்லை. பெட்டியும் பலகைக்கு அடியில் போய்விட்டது. ஆனால் கடை முகப்பு முழுக்க அந்தப் பெட்டியின் அதே சிவப்பு, நடுவில் அதே தங்கக் கோடு, மேலே பளிச்சென்று ஒரு லைட்… எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே எழுத்தில்லாமல் வாசிக்க வந்தது.

உச்சிப்புளியில் அப்படி ஒரு சிவப்புக் கடை. தண்ணீர் கேட்கத்தான் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் கடைக்கார அக்காவின் கை பலகைக்கு அடியில் போய் வந்தது. என் முன்னால் ஒரு சிகரெட்.

“நான் கேக்கவே இல்லையேக்கா.”

“கயித்துப் பக்கம் நிக்கிறியளே தம்பி.”

திரும்பிப் பார்த்தேன். பற்றவைக்கத் தொங்கவிட்ட கயிறு, நுனியில் கனன்றபடி என் தோளை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. புகைக்கிறவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் முன்பக்கம் — எல்லாப் பெட்டிக்கடையிலும் அதுதானே வழக்கம்? நான் விட்டிருந்தேன். என் கால் விடவில்லை.

கை லேசாக நீண்டது. இருமல் முந்திக்கொண்டது.

“விட்டுட்டேங்க்கா” என்றேன். முதல்முறையாக வாய்விட்டு.

அக்கா பாராட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. சிகரெட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

“அப்ப இந்தப் பக்கமா வந்து நில்லுங்க.”

நின்றேன். தண்ணீரும் ஒரு கடலை மிட்டாயும் வந்தன. இன்றைக்கும் அந்த அக்காவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“சிகரெட்டுக் கம்பெனிக்காரப் பய நேத்து வந்தான்” என்றார். “லைட்டு வச்ச கண்ணாடிப் பெட்டி ஓசியாத் தாரானாம். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்துல வைக்கணுமாம். ‘பேரே இல்லக்கா, வெறும் லைட்டுதான்’ங்கிறான். வெறும் லைட்டுக்கு நீ எதுக்குப்பா மெனக்கெட்டு வாரேன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“சிரிச்சான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வந்து நிக்கிற எடம் தம்பி அது. வேணாம்னுட்டேன். கோவத்துல மேல இருந்த லைட்டையும் கழட்டிட்டுப் போறேன்னுருக்கான். போகட்டும்.”

“ஆனா சிகரெட்டு விக்கிறியளேக்கா?”

“விக்கிறேன். பொழப்பு. கூப்பிட்டு விக்க மாட்டேன்.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “பெயிண்ட் அடிக்கத் தெரியுமா?”

தெரியும் என்றேன். இந்த ஒரு பதிலால்தான் இத்தனை வருஷமாக எனக்குச் சோறு.

மறுநாள் காலை கடை முகப்புக்கு வெள்ளை அடிக்கும் வேலை தொடங்கியது. சிவப்பு ஒரே பூச்சில் அடங்கிவிட்டது. அந்தத் தங்கக் கோடு மட்டும் எத்தனை வெள்ளை அடித்தும் லேசாக எட்டிப் பார்த்தது. அக்கா போதும் என்றார்.

நான்தான் இன்னொரு பூச்சு அடித்தேன்.