ஒரே மாதிரி இருபது கார், அதில் ஒன்று எங்களுடையது

பந்தயக் கார் மெக்கானிக்கிற்கு எந்நேரமும் கை நிறைய வேலை இருக்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் அவனுக்குப் பெரிய சோலியே காத்திருப்பதுதான். பிள்ளையின் பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

நான் போடியில் பதினைந்து வருஷமாக ஜீப்பு மெக்கானிக். சிலமலையில் விவசாயம் பார்க்கிற தங்கவேல் அண்ணனின் மகள் பவித்ரா, பதினெட்டு வயது, ஜூனியர்களுக்கான ஒற்றை இருக்கை கார் பந்தயத்துக்குத் தேர்வானாள். கோயம்புத்தூர் பக்கம், ஆறு மாசத்தில் நாலு சுற்றுப் போட்டி. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். கூட ஒரு மெக்கானிக் வரலாம் என்றார்கள், என்னைக் கூப்பிட்டாள். “இந்த ஒரு சீசன்தான். ஒரு தடவையாச்சும் முதல் மூணு பேர்ல வந்து மேடை ஏறலைன்னா பேசாம காலேஜுக்குப் போயிரணும்” என்று அவள் அப்பா கெடு வைத்திருந்தார்.

சும்மா இருக்கிற வேலை

முதல் சுற்று, முதல் நாள். எங்கள் காரின் எஞ்சினில் லேசாக ஒரு தட்டல் சத்தம் கேட்டது. போடிமெட்டு ஏறும் ஜீப்பாக இருந்தால் டீ ஆறுவதற்குள் சரிசெய்திருப்பேன். பழக்க தோஷம், நட்டு கழற்றும் பானாவை எடுத்துக்கொண்டு குனிந்தேன். எஞ்சினைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈயத்தில் சீல் வைத்திருந்தார்கள். அதை உடைத்தால் அந்தப் போட்டியிலிருந்தே வெளியே.

சோதனை அதிகாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். திருநெல்வேலிக்காரர். டயரில் காற்றுப் பார்க்கலாம், சக்கரம் மாட்டலாம், காற்று அழுத்திப் பிடிப்பதற்காகக் காரில் வைத்திருக்கும் இறக்கையின் சாய்வைக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார். “அப்ப மத்த நேரமெல்லாம் நான் என்ன சார் செய்யறது?” என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த பானாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. இங்க அதுதான் கஷ்டமான வேலை.”

குலுக்கல்

ஒவ்வொரு சுற்றுக்கும் யாருக்கு எந்தக் கார் என்று குலுக்கிப் போடுவார்கள். முதல் சுற்றில் பவித்ரா பதினோராவதாக வந்தாள். “இழுவையே இல்லண்ணே, மட்டமான வண்டி” என்றாள். நானும் ஆமாம் போட்டேன். ஜெயித்த பையன் ஓட்டிய கார் நமக்கு விழாதா என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டோம்.

இரண்டாம் சுற்றில் அந்தக் காரே விழுந்தது. பதின்மூன்றாவதாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ரொம்ப நேரம் காருக்குள்ளேயே இருந்தாள். நான் குனிந்து பார்த்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: “வண்டி மாறிருச்சுண்ணே. ஓட்டுறவ மாறலையே.”

முந்தலுக்கு இறங்கும் பாதை

அவளுக்கு வளைவுகளில் கோளாறு. வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக்கை மிதிப்பாள். வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். நான் சொன்னால் தலையாட்டுவாள், ஆனால் கால் கேட்காது.

ஒரு சாயங்காலம், நான் சரிசெய்த ஒரு ஜீப்பை ஓட்டிப் பார்ப்பதற்காகப் போடிமெட்டுக்குப் போயிருந்தோம். மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலுக்கு இறங்கும்போது ஓட்டியது அவள். பஸ்சைத் தவறவிட்ட தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள். இரண்டாவதில் தூக்குச்சட்டி உருண்டது. மூன்றாவது வருவதற்கு முன் ஒரு அம்மா அவள் தோளைப் பிடித்தார்: “ஏத்தா, வெரசா போ, வேணாங்கல. ஆனா பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே போட்டுரு. வளைவுக்குள்ள போயி யோசிக்காத.”

நாலு நட்டு

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. மூன்றாம் சுற்றில் பவித்ரா நாலாவது இடத்திலிருந்து புறப்பட இருந்தாள். வானம் கறுத்திருந்தது. மழை டயர் மாட்டச் சொன்னார்கள். பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன். உடனே வேண்டாம் என்றார்கள். பழையதையே திரும்ப மாட்டினேன். நாலு நட்டையும் கையால் திருகிவிட்டு, இறுக்குவதற்குள் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. எழுந்து வானத்தைப் பார்த்தேன். மணி அடித்தது, எல்லோரையும் வெளியே விரட்டினார்கள். ஓடி வந்துவிட்டேன்.

பந்தயம் தொடங்கி மூன்றாவது முறை வட்டமடித்து வரும்போது சக்கரம் ஆடுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவள் அதை உணர்ந்து, மெதுவாக்கிப் புல்தரையில் நிறுத்திவிட்டாள். அடி எதுவும் இல்லை. போல்ட் தேய்ந்திருக்கும் என்று பக்கத்திலிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவள் நடந்து வந்ததும் சொன்னேன்: “நான்தான் இறுக்கல. வானத்தைப் பாத்துட்டு நின்னுட்டேன்.” அவள் ஹெல்மெட்டை என் கையில் திணித்துவிட்டு அப்பால் போய்விட்டாள். பட்டறையில் வேலை ஓடாமல் மூன்று நாள் கிடந்தேன்; இனி என்னைக் கூப்பிட மாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். நாலாம் நாள் நேரில் வந்து நின்றாள்: “அடுத்ததுக்கும் நீங்கதான் வர்றீங்க. ஆனா வானத்தை நான் பாத்துக்கிறேன், நீங்க நட்டைப் பாருங்க.”

அப்பா கைதட்டிய கார்

கடைசிச் சுற்றுக்குத் தங்கவேல் அண்ணன் முதன்முறையாக வந்தார். எங்களுக்கு விழுந்தது ஏழாம் எண். பவித்ரா ஆறாவதாகப் புறப்பட்டு, வளைவுக்கு முன்பே பிரேக்கை மிதித்து, ஒவ்வொருவராகத் தாண்டினாள். என்னால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை; ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மரையே போய்விட்டது. அண்ணன் மட்டும் துண்டைச் சுழற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அவர் துண்டு சுழற்றியது முதலில் ஓடிய பதினேழாம் எண் காருக்கு என்பது கொடி இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

பவித்ரா இரண்டாவது. மேடை ஏறினாள். அங்கே நிற்பது யாரென்று அடையாளம் தெரிந்ததும் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பும் வழியில், தேனி தாண்டியதும் சொன்னார்: “காலேஜுக்கும் போகட்டும், காருக்கும் போகட்டும். ஆனா தம்பி, அடுத்த தடவ நம்ம வண்டியில ஒரு ரிப்பனாச்சும் கட்டி விடு.”

மொத்தத்தில் ஒரு சீசன் என்பது, இருபது நிமிஷம் ஓடுகிற காருக்காக ஆறு மாசம் நின்ற இடத்திலேயே ஓடுவது.