விரலை நம்பாத மெஷின்

கறை எடுக்கும் பிரிவில் ஒவ்வொருவர் கைக்கும் பொருந்துகிற ரப்பர் உறை. அந்த அறைக்குக் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி. கம்பெனி அழைத்து வராத ஒரு டாக்டர். கேனுக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒட்டிய தாள். இத்தனையும் வாங்கித் தந்தவள் எறும்பு. பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள். அங்கே சங்கம் கிடையாது. கூட நின்றவர்களும் பாதி வழியில் கழன்றுகொண்டார்கள். இதைச் சொல்லும்போது தையல்காரியான அவள் அக்காவுக்குக் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

எறும்பு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன உருவம், ஓயாத கால், எதையும் முகர்ந்து பார்க்காமல் தொடமாட்டாள். கடைக்காரர் சிரித்தால் உடனே தராசைப் பார்ப்பாள். வெளுத்ததெல்லாம் பால் என்று ஒருநாளும் நம்பாதவளுக்கு, வெளுக்கிற இடத்திலேயே வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் அனுப்பும் விரிப்புகளைத் துவைக்கிற பெரிய சலவைக்கூடம். மெஷினில் போடுமுன் ரத்தக்கறை, மைக்கறையை மருந்து தொட்டுக் கையால் தேய்த்து எடுக்க வேண்டும். அதுதான் அவள் பிரிவு.

ஒரு வருஷம் வாசலில் விரல் பதிக்கும் மெஷின் வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். இஸ்திரிக்காரர்களுக்கும் மடிக்கிறவர்களுக்கும் தொட்டவுடன் பச்சை. கறைப் பிரிவுப் பெண்களுக்கு மட்டும் சிவப்பு. மேற்பார்வையாளர் வந்து தன் விரலை வைத்துத் திறந்துவிடுவார். விரல் பதியவில்லை, அதனால் அரைநாள் சம்பளம்தான் என்பார்.

"விரல்ல அழுக்கு இருக்கும்மா. நல்லா சுத்தம் பண்ணிட்டு வைங்க."

சுத்தம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எந்தக் கறையையும் போக்குகிற அந்த மருந்து. ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் எடுத்துப்போய், காலையில் வாசலில் நின்று விரலை அதில் முக்கித் துடைத்துவிட்டு வைத்தார்கள். எறும்பும்தான். சிவப்பு இன்னும் பிடிவாதமானது.

"உனக்குப் பதிலா உங்க அக்காவ அனுப்புறியா? ஆள் மாறாட்டம்னா வேலையே போயிடும், சொல்லிட்டேன்," என்றார் மேற்பார்வையாளர்.

அன்று சாயங்காலம் எறும்பு அக்காவின் தையல் மேஜை ஓரம் வந்து நின்றாள். "அக்கா, அந்த மெஷினுக்கு எங்க பிரிவுன்னா மட்டும் ஆகல. யாரோ சொல்லி வச்சிருக்காங்க."

"மெஷின்கிட்டப் போய் எவடி கோள் மூட்டுவா?"

"சிரி, சிரி. சிரிக்கிறவங்களத்தான் நான் முதல்ல பாப்பேன்."

பேசிக்கொண்டே கையை ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் இஸ்திரிப் பெட்டி. அக்காதான் அலறினாள், எறும்புக்குச் சூடே தெரியவில்லை. அக்கா அந்த விரல்களை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி வழவழப்பு. ஒரு கோடு இல்லை.

அதே வாரம் எறும்பு காய்ச்சலில் படுத்தாள். தேறி எழுந்து வேலைக்குப் போகச் சில வாரம் ஆனது. போன அன்று விரலை வைத்தாள். பச்சை. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகம் சுருங்க நின்றாளாம். வீட்டில் கிடந்தபோது வந்த ரேகை, வேலைக்குப் போனால் ஏன் போகிறது? மறுபடி மருந்தில் கை வைத்தாள். சில நாளில் மறுபடி சிவப்பு. பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினாள்.

"அந்த மருந்து கறைய மட்டும் தின்னல. நம்மளயும் தின்னுது," என்று பிரிவில் எல்லோரிடமும் சொன்னாள். புகார் கொடுக்கலாம் என்று சிலர் சேர்ந்தார்கள்.

அதற்குள் கம்பெனி முந்திக்கொண்டது. விரல் மெஷினைக் கழற்றிவிட்டு, முகம் பார்க்கும் கேமரா மாட்டினார்கள். "உங்க கஷ்டத்தப் பாத்து முதலாளியே மனசு இறங்கி வாங்கினது," என்றார் மேற்பார்வையாளர். பெண்கள் கை தட்டினார்கள்.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம்," என்றாள் எறும்பு.

"கதவுதான் திறக்குதே, விட்டுத் தொலையேண்டி."

"விரல் அழிஞ்சதுக்கு முகத்தக் கேக்குறாங்க. முகமும் அழிஞ்சா எதக் காட்டுறது?"

அப்படியும் ஒருத்தி கூட வரவில்லை. அக்காதான் கடையை மூடிவிட்டுத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குக் கூடப் போனாள். அங்கிருந்த அதிகாரி அம்மா கேட்டுக்கொண்டார், புகாரை எழுதவும் செய்தார். கடைசியில் எறும்பின் கட்டைவிரலை மையில் ஒற்றி அழுத்தினார். காகிதத்தில் விழுந்தது வெறும் கறுப்புப் பொட்டு.

"இத வச்சு யாருன்னு சொல்ல முடியாதேம்மா. உங்க கைநாட்டே இல்லன்னு கம்பெனி சாதிச்சிடும்."

"அதத்தானே மேடம் நான் புகாரே சொல்றேன்!"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நியாயந்தான். ஆனா ஆய்வுக்கு உத்தரவு போட எனக்கு உங்க கையெழுத்து வேணும். போடுவீங்களா?"

அக்கா தலை குனிந்தாள். கையெழுத்துப் போடவாவது கற்றுக்கொள் என்று தங்கையிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "கையெழுத்த எவன் வேணா போடலாம். என் விரல நான்தான் வைக்க முடியும்." இப்போது எறும்பு தன் விரலைப் பார்த்தாள். உலகத்தில் அவள் நம்பியிருந்தது அது ஒன்றைத்தான்.

"அக்கா, வீட்டுக்கு வா. எம்பேர எழுதிக் காட்டு."

வெட்டுத்துணி மேல் தையல் சாக்குக்கட்டியால் அக்கா எழுதினாள். எறும்பு ஒவ்வொரு எழுத்தையும் குறுக்கு விசாரணை செய்தாள். "இந்தச் சுழி எதுக்கு? இது இல்லாட்டி வேற ஆளாயிடுவேனா?" மரத்த விரலில் கட்டி நிற்காமல் வழுக்கியது. முஷ்டியில் பிடித்து எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. "அழகு கிடக்கட்டும். இப்படி இன்னொருத்தன் போட முடியாதில்ல?" என்று கேட்டாள். முடியாது என்றாள் அக்கா.

திரும்பப் போனபோது புகாரை அக்காவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பிறகு அதிகாரியையும் படிக்கச் சொன்னாள். இருவர் படித்ததும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொண்டாள். கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில், யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பேனாவை முஷ்டியில் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் பெயரைப் போட்டாள்.

பக்கத்தில் அதிகாரி தேதி எழுதினார்: 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.