நத்தைகள் போன தெரு

மழை விட்ட காலையில், மேடவாக்கத்தில் எங்கள் அடுக்கக வாசலில் என் செருப்படியில் ஒரு நத்தை ஓடு நொறுங்கியது. அந்தச் சத்தம் எனக்கு எண்பதுகளிலேயே பழக்கம்.

அப்போது ஒரு கோடையில் எங்கள் ஊர் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வறண்டு கிடந்தது. பேருந்து பிடிக்க ஊரே அதன் வழியாக நடந்ததில் தடம் விழுந்திருந்தது. மனை பிரிக்க வந்தவர் அதைத் தெரு என்று வரைபடத்தில் குறித்து, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார். கால்வாயைத் தூர்த்தால் அடுத்த மழைக்கு அதை ஒட்டியிருந்த என் அத்தையின் வயல் மூழ்கும்.

"இது தெருன்னு யாருப்பா சொன்னது?" என்றாள் அத்தை.

"எல்லாரும் இதுலதானேக்கா நடந்துகினு கீறாங்க?"

அத்தை குனிந்து மண்ணைக் கிளறினாள். இரு கை நிறைய நத்தை ஓடுகளை அள்ளி அவர் வரைபடத்தின் மேல் கொட்டினாள்.

"இதுங்க இன்னா, பஸ்ஸு புடிக்கவா வந்துச்சுங்க?"

கூட்டம் சிரித்தது. பின்வாங்கியவரின் காலடியில் ஓடுகள் நொறுங்கின. மறுநாள் அத்தை ஊராரோடு பஞ்சாயத்துக்குப் போய் கிராம வரைபடத்தை விரிக்கச் சொன்னாள். அதில் கால்வாய் என்றே இருந்தது. தெரு கைவிடப்பட்டது.

அத்தையின் வயலில்தான் இன்று எங்கள் அடுக்ககம் நிற்கிறது. இரவு பெய்த மழையை அந்தக் கால்வாய் கொண்டுபோய்விட்டது. தரைத்தளத்தில் ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை.