சூளைக்காரன் சுட்ட மீன்

ஆறேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நடந்தது இது. அப்போது நான் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பு, ஜாடி, கரண்ட் கம்பத்துக்குப் போகும் பீங்கான் சாமான் எல்லாம் என் கை நெருப்பில்தான் வேகும். சூளைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டையில் கண்ணை வைத்தால், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்ததே கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால்கூட மனைவியைத்தான் கூப்பிடுவேன்.

அந்த வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் இரண்டையும் கேட்டாள். சாப்பாடுதான் இறங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டல். பக்கத்து வீட்டு அக்கா பாவம், தினமும் ஏதாவது செய்து கொண்டுவருவார். இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்பாள். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் முகம் சுளித்தார். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் பெட்டில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வாய்க்கு எதுதான் பிடிக்கும், சொல்லேன் என்று கெஞ்சினேன். ரொம்ப நேரம் யோசித்து, சுட்ட மீன் என்றாள். அவள் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம். சின்ன வயதில் மீனை எண்ணெய் இல்லாமல், தாளிப்பு இல்லாமல், வெறும் தணலில் சுட்டுத் தின்ற ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறதாம். சுடுவதுதானே, அது என் தொழிலாயிற்றே என்று மார்தட்டிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் அப்போது வெளியூர் ஆர்டருக்காகப் பீங்கானில் கரி அடுப்பு செய்து பார்த்திருந்தார்கள். செராமிக் கிரில் என்பார்கள். பெரிய முட்டையைக் குறுக்கே வெட்டி, மேல் பாதியை மூடியாக வைத்த மாதிரி இருக்கும். காற்றுக்கு அடியில் ஒரு துவாரம், மூடியில் ஒரு துவாரம், நடுவில் கம்பி வலை. சூளையில் மூடி கோணிப்போனதால் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். புதுச் சூளைக்குச் செய்கிற மாதிரியே அதற்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன். அவள் கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, "மீன் சுடறதுக்கு இம்மாம் பூசையா?" என்றாள்.

பூஜை பலிக்கவில்லை. முதல் நாள் கரி பிடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பொறுமை இல்லாமல் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டேன். உள்பக்கம் மெருகு பூசாத பீங்கான் அதை நன்றாக உறிஞ்சிக்கொண்டது. சூடு ஏற ஏற அத்தனையும் மீன் மேலேயே வந்து இறங்கியது. பூனைகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

இரண்டு நாள் வெறும் தணல் போட்டு அந்த நாற்றத்தை ஓட்டினேன். இனி மீனை வீணாக்க வேண்டாம், கோழியில் கை பழகலாம் என்று நினைத்தேன். மூடி கோணல் ஆயிற்றே, இடுக்கு வழியாகச் சூடு போகிறதே என்று சூளை வாசலுக்குப் பூசுகிற மாதிரி களிமண்ணைக் குழைத்துச் சுற்றிலும் பூசினேன். சூளையை ஆறும் முன் திறந்தால் சாமான் வெடித்துவிடும். அந்தப் பழக்கத்தில், கை வைத்துப் பார்த்து மூடி நன்றாக ஆறுகிறவரை திறக்கவே இல்லை. காலையில் வைத்த கோழியைச் சாயங்காலம் எடுத்தேன். கோழி எது, கரி எது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கம்பெனில உன்ன நம்பி எப்பிடி தம்பி வேல குடுத்தாங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது தடவை கெண்டை மீன். தணல் அதிகமாகிவிட்டதே என்று இரண்டு துவாரத்தையும் அடைத்துவிட்டு நின்றேன். கருகுகிற வாசனை வந்ததும் பதறிப்போய் மூடியை ஒரே தூக்காகத் தூக்கினேன். சூளையில் விடிய விடியக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு இங்கே ஒரு நிமிஷம் பொறுக்கத் தெரியவில்லை. அடைபட்டிருந்த நெருப்பு காற்றைக் கண்டதும் குப்பென்று மேலே வந்து, என் மீசையில் பாதியைக் கொண்டு போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்குது, முன்னாடி நிக்காதீங்க என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் சாப்பிட்டது அதே இரண்டு வாய்தான்.

டாக்டரிடம் போக இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பெண்ணாடம் போய் உயிரோடு ஒரு விரால் வாங்கி வந்தேன். ஆபரேஷன் புண் ஆற விரால் நல்லது என்பார்கள். சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால்தான் வழவழப்பு போகும் என்று அக்கா சொல்லியிருந்தார். இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு, தரையில் தேய் தேய் என்று தேய்த்து நாலு தண்ணீரில் கழுவினேன். கீறிவிட்டு மஞ்சள், மிளகு, பூண்டு அரைத்துத் தடவினேன். இந்தத் தடவை மண்ணெண்ணெய் கிடையாது, களிமண் கிடையாது. தேங்காய்ச் சிரட்டைத் தணல் சாம்பல் பூத்த பிறகுதான் மீனை வைத்தேன். மூடியை முதலில் ஒரு விரல் அளவு தூக்கிக் காற்றை உள்ளே விட்டு, அப்புறம் திறந்தேன். மீன் பொன்னிறமாக இருந்தது.

தட்டில் பாதி மீனை வைத்துக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். முதல் துண்டை வாயில் போட்டாள். கொஞ்சம் நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். முள் மட்டும் மிச்சம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லாருக்குதா என்று கேட்டேன், நல்லாருக்குது என்றாள். மீதிப் பாதியையும் தனக்கே வைத்துவிடச் சொன்னாள். எனக்கு அக்கா வீட்டிலிருந்து வந்த சாம்பாரே போதுமாம். ஆகா, நம் கை மணம் அப்படி என்று பூரித்துப்போனேன்.

கிரில்லைக் கழுவும்போது வலையில் வால் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து வாயில் போட்டேன். ஒரு துளி உப்பு இல்லை. அள்ளிப் போட்டது எல்லாம் கழுவின தண்ணீரோடு போயிருக்கிறது, தடவின மசாலாவில் போட மறந்திருக்கிறேன்.

உள்ளே ஓடினேன். எப்படி அதைத் தின்றாய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"நல்லா வெந்திருந்துதுங்க. ஒரு வாரமா தணல்ல நிக்கறீங்க, மீசையும் போச்சு. உப்பு இல்லன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள்.

மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், காய்ச்சலோடு எழுந்து குழம்பு வைத்தாள். உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். சோறு தரையெல்லாம் சிதறியது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் படுத்திருந்தாள். அதை அவள் அன்றைக்கும் சொல்லிக் காட்டவில்லை, இந்த விரால் சுட்ட அன்றைக்கும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் மீன் சுட்டேன், உப்புப் போட்டு. சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்றதும் டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார். ரத்தம் மெல்ல ஏறியது, பெட்டில் சேர்க்காமலே தேறிவிட்டாள். இப்போது மறுபடியும் அவள்தான் எனக்கு ஆக்கிப் போடுகிறாள். என்றைக்காவது குழம்பில் உப்பு குறைந்திருந்தால் எழுந்து போய் நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.