திறந்த ஜீப்பும் இரண்டு ஸ்பீக்கர்களும்

இடது பக்க ஸ்பீக்கரை மட்டும் பாடவிட்டால் தவில் நெஞ்சில் வந்து விழுந்தது. வலது பக்கத்தை மட்டும் பாடவிட்டாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் பாடவிட்டால் தவிலில் பாதி காணாமல் போனது. மாசி மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் வரை இந்த மூன்று வாக்கியங்களையே மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

எங்களிடம் இருப்பது கூரையில்லாத பழைய ஜீப். கடைக்கும் அலுவலுக்கும் ஸ்கூட்டர் இருக்கிறது. ஜீப் ஊர் சுற்ற மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் மனைவியும் முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பி, கருவடிக்குப்பம் தாண்டி, கடற்கரையோரச் சாலையில் மனம்போன தூரம் போவோம். எங்காவது இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். சீட்டுகளுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் தடித்த இரும்புக் குழாயின் இரு பக்கமும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் இருந்தன. உப்புக் காற்றில் அவற்றின் சல்லடைகள் துருப்பிடித்து, ஒன்றில் உள்ளிருக்கும் காகிதக் கூம்பும் கிழிந்துவிட்டது. தை கடைசி வாரத்திலிருந்து நாகஸ்வரம் போடும்போதெல்லாம் கூடவே யாரோ முறுக்கு தின்பதுபோல ஒரு சத்தம்.

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருக்கிறார் பாய் ஒருவர். நாற்பது வயதிருக்கும். கடை என்றால் ஒரே ஒரு ஷட்டர். உள்ளே கார் நின்றால் அவர் தெருவில் நிற்க வேண்டும். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“மூடின கார்னா சத்தம் உள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும் சார். இது நடுத்தெருவுல நின்னு பாடற மாதிரி. முக்காவாசிய காத்து தின்னுடும். படகுல மாட்டுறதுக்குன்னே ஸ்பீக்கர் வருது. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. அத போட்டு, சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிஃபயர் வெச்சிடலாம்.”

சரி என்றேன். அவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

“ஒரு உதவி வேணும் சார். ஊருக்கு வெளிய தென்னந்தோப்புல ஒருத்தர் விடுதி கட்டியிருக்கார். வர்றவங்கள சுத்திக் காட்ட எட்டு பேட்டரி வண்டி. எல்லாமே தொறந்த வண்டி. எட்டுக்கும் பாட்டு வேணும்னு சென்னைக்காரங்கள வரச் சொல்லப் போறார். நான்தான் கெஞ்சி, மொதல்ல நான் போட்ட ஒரு தொறந்த வண்டிய கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கெழம காலையில வரேன்னுட்டார். காட்டறதுக்கு எங்கிட்ட தொறந்த வண்டியே கெடையாது. உங்க ஜீப்பத்தான் காட்டணும்.”

“தாராளமா காட்டுங்க பாய்.”

“அந்த வேலை கெடச்சிதுன்னா பக்கத்து ஷட்டரையும் எடுத்துடுவேன் சார். எத்தினி நாளைக்கு வெயில்ல நின்னுக்கிட்டு ஸ்க்ரூ முடுக்கறது?”

இது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மாலை நான் ஒரு காரியம் செய்தேன். குழாய்க்குள் ஓடும் பழைய ஒயர்கள் தடிமனானவை, அவற்றையே வைத்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லியிருந்தார். எதையும் பிரிப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று எழுதிவைப்பது என் வழக்கம். வீட்டுக் குழாய் மாற்றினாலும், கடிகாரத்துக்கு பேட்டரி போட்டாலும் தேதி, நேரம், முன்பு இருந்த நிலை, பின்பு வந்த நிலை எல்லாம் குறிப்பேட்டில் ஏறிவிடும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கறுப்பு ஒயர்கள். ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. ஒயர் முனை ஒவ்வொன்றிலும், முன்பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும், ஒரு காகிதச் சீட்டு கட்டினேன். இடமா வலமா, பிளஸ்ஸா மைனஸா, எந்தக் கிழமை எழுதியது என்று சிறிய எழுத்தில், மசி கலையாதபடி.

வியாழக்கிழமை காலை பாய் அந்தச் சீட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னா சார் இது, பிரசவ வார்டுல கொழந்தைங்க கையில கட்டி வெக்கிற மாதிரி!”

சிரித்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் திருப்பி முழுதாகப் படித்தார். கிழிந்துவிடாமல் ஒயரோடு சேர்த்து டேப் சுற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு முதல் பாட்டு. எப்போதும் கேட்கும் நாகஸ்வரக் கச்சேரிதான். நாகஸ்வரம் வந்தது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. காதைச் சுற்றி அலைந்தது. தவிலின் வலந்தலை, விரலால் அடிக்கும் வலது பக்கம், டக்டக்கென்று கேட்டது. தொப்பி என்கிறார்களே, குச்சியால் அடிக்கும் அந்த இடது பக்கம், கும்மென்று அடிவயிற்றில் இறங்க வேண்டியது, அது அறவே இல்லை. காகிதம் கிழிந்த பழைய ஸ்பீக்கரில்கூட அது இருந்தது.

பாய் சத்தத்தைக் கூட்டினார். வலந்தலைதான் கூடியது. காற்று என்றார். காற்றே இல்லை; ஜீப் ஷட்டருக்குள் நின்றது. ஒரு பக்கத்தை அணைத்தார்: தொப்பி வந்தது. அதைப் போட்டுவிட்டு மறு பக்கத்தை அணைத்தார்: அப்போதும் வந்தது. இரண்டையும் போட்டார்: போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். சனிக்கிழமை காலை முன்பக்கத்துப் பாட்டுப் பெட்டியையே கழற்றி வேறொன்று போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று, “சும்மா அள்ளுது பாய்!” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் உண்மைதான். நான் அதே இடத்தில் நின்று கேட்டேன், அள்ளியது. ஓரடி நடுப்பக்கம் நகர்ந்தேன், வறண்டது. என் காதில்தான் கோளாறோ என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை மனைவியை ஏற்றிக்கொண்டு கோரிமேடு வரை போனேன். ஓட்டத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரி நெருங்கும்போது சத்தத்தைக் குறைத்தேன். குறைந்த சத்தத்திலும் அதே வறட்சி.

“உங்க ஜீப்புக்கு சளி பிடிச்சிருக்கு” என்றாள் அவள். “மூக்கால பாடுது.”

“தலையை இப்படி ஸ்பீக்கர் பக்கம் சாய்ச்சுக் கேளேன், நல்லா இருக்கும்.”

“அப்ப நீங்க கழுத்த சாச்சிக்கிட்டே ஓட்டுங்க. நான் எறங்கி பஸ் பிடிச்சி வரேன்.”

திரும்பும் வழியில் பாய் கடையில் நிறுத்தினேன். இன்னும் ஷட்டர் இறக்கவில்லை. ஜீப்பை அங்கேயே விட்டுவிடச் சொன்னார். நாளை வருகிறவரிடம் வேறு நாள் சொல்லலாமே என்றேன்.

“தள்ளிப் போட்டா சென்னைக்காரன் வந்துடுவான் சார்” என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு நானும் மனைவியும் போனபோது தோப்புக்காரர் வந்துவிட்டிருந்தார். விவசாயக் குடும்பத்து ஆள். வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஜீப்பின் பின்னால் ஏறி, சரியாக நடுவில் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. பாய் கச்சேரியைப் போட்டார். தோப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் கையைத் தூக்கினார்.

“பாய், மேளக்காரன் அடுத்த ஊர்ல உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கு. நான் இங்க இல்ல உக்காந்திருக்கேன்?”

பாய் கடைக்குள் போய் டார்ச்சிலிருந்து ஒரு செல்லைக் கழற்றி எடுத்துவந்தார். முன் சீட்டுக்கு அடியிலிருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கினார். சீட்டில் எழுதியிருந்தபடி இடது பக்கத்து பிளஸ்ஸை செல்லின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் தொட்டார். பின்னால் இடது ஸ்பீக்கர் ‘டுப்’ என்று வெளிப்பக்கம் குதித்தது. வலது பக்கத்தையும் சீட்டுப்படி அதேபோல் தொட்டார். ‘டுப்’ சத்தம் வந்தது, ஆனால் அந்த ஸ்பீக்கர் உள்பக்கம் இழுத்தது. மூன்று தடவை தொட்டார். மூன்று தடவையும் உள்ளேதான்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கனமான சத்தம் எழும்பும் இடத்திலேயே செத்திருக்கிறது. அலையை அலை அழிக்கும் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். அது என் ஜீப்பில் மூன்று நாளாக நடக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

பாய் வலது பக்க ஒயரில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணிமைக்கும் நேரம்தான். தோப்புக்காரர் பக்கம் திரும்பினார்.

“என் கை தவறுண்ணே. வலது பக்கம் ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்துட்டேன். ரெண்டு நிமிஷம் குடுங்க.”

நான் சும்மா இருந்திருக்கலாம். செய்யாத தவற்றை ஒருவர் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அவர் மேல தப்பில்லைங்க” என்றேன். “நான் சீட்டு எழுதிக் கட்டினேன். அதில பிளஸ் மைனஸ் மாறிப்போச்சு. அவர் என் சீட்டைப் பாத்துத்தான் மாட்டினார்.”

தோப்புக்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு பாயிடம் கேட்டார்: “அப்ப, எழுதி வெச்சிருந்தா நீ தொட்டுப் பாக்க மாட்டியா?”

பாய் தலையைக் குனிந்துகொண்டு ஒயரை மாற்றினார். சொன்னபடி இரண்டே நிமிடம். கச்சேரியைப் போட்டதும் தொப்பி வந்து இறங்கியது. ஜீப்பின் தகரம் அதிர்ந்தது. தெருவில் போன ஒரு ஸ்கூட்டர்காரர் காலை ஊன்றி நின்றார். என் மனைவி, “சளி விட்டுடுச்சி” என்றாள். தோப்புக்காரர் பாட்டு முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு இறங்கினார்.

“எட்டயும் இப்ப சொல்ல மாட்டேன் பாய். ஒரு வண்டி அனுப்பறேன். பண்ணிக் குடு. அத கேட்டுட்டு மத்தத பாக்கலாம்.”

அவர் போனதும் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அதுவல்ல வருத்தம்.

“நீங்க ஏன் சார் வாயத் தொறந்தீங்க?”

“நீங்க செய்யாத தப்பை...”

“கை தவறுன்னா அது ஒரு நாள் தவறு சார். எல்லாருக்கும் வரும். புதுச் சுருள்லேருந்து வெட்டின ஒயரக்கூட நான் செல்லு தொட்டுப் பாக்காம மாட்ட மாட்டேன். பதினேழு வருஷமா அப்படித்தான். நீங்க இவ்ளோ அழகா எழுதியிருந்தீங்க. படிச்ச மனுஷன் எழுதினது, இத போய் தொட்டுப் பாத்தா மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டேன். அத நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க சொல்லிட்டீங்க. இப்ப அவர் என்னா நெனைப்பார்? இவன் காகிதத்த பாத்து வேல செய்யறவன்னு நெனைப்பார்.”

உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அவர் மறைக்க நினைத்த ஒன்றைத்தான் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். வீடு வரும்வரை மனைவியிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்: “நான் சொன்னது சரியா, தப்பா?”

“சரிதான். ஆனா உங்கள யாரும் கேக்கல” என்றாள்.

வீட்டில் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். இடது பக்கத்துக்கு முழு விவரம் இருந்தது: ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து, வெள்ளைக் கோடு போட்ட ஒயர் பிளஸ்ஸில் சேர்வதைக் கண்ணால் பார்த்து எழுதியது. வலது பக்கத்துக்கு ஒரே சொல்தான்: ‘மேற்படி’. அன்று முதுகு வலித்தது, வெளிச்சமும் குறைந்துவிட்டது, அந்தப் பக்கம் குனியவில்லை. குழாய்க்குள் எங்கோ எப்போதோ யாரோ போட்ட ஒட்டில் கோடு போட்டது கோடில்லாததோடு சேர்ந்திருக்கிறது. பழைய ஸ்பீக்கரைப் பிரிப்பதற்கு முன் ஒரு தடவை குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். இத்தனை வருடக் குறிப்பேடுகளில் எத்தனை ‘மேற்படி’ இருக்கும் என்று அன்று எண்ணத் தொடங்கி, பாதியில் பயந்து மூடி வைத்தேன்.

பேட்டரி வண்டி புதன்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமை போனது. இதைப் பாய் சொல்லவில்லை. தெருவில் போகும்போது நானே பார்த்தேன். உள்ளே போய் விசாரிக்கத் துணிவு வரவில்லை. அடுத்த வாரம் முழுதும் அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தேன். பங்குனி முதல் திங்கட்கிழமை காலை ஜீப்பில் போகும்போது, கடை வாசலில் பேட்டரி வண்டிகள் இரண்டு நின்றன. மூன்றாவது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜீப்பை நிறுத்தி இறங்கினேன்.

“எல்லாம் வந்துடுச்சா பாய்?”

“ரெண்டு ரெண்டா அனுப்பறார் சார். இன்னிக்கு மட்டும் மூணு.”

“அன்னிக்கு நான் பேசினதுக்கு அப்புறமும் குடுத்துட்டாரே. ஏன்னு ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல. மொத வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி தோப்ப நாலு சுத்து சுத்தியிருக்கார். நடுவுல உக்காந்து. மறுநாளு போன் பண்ணி மிச்சத்தயும் அனுப்பறேன்னார்.”

நான் பேசியது உதவியதா, அல்லது அதையும் மீறித்தான் வேலை வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். பாயின் பார்வை என்னைத் தாண்டித் தெருவில் இருந்தது.

“சார், ஜீப்ப கொஞ்சம் பின்னாடி எடுங்க. வண்டி உள்ள வரணும்.”

எடுத்தேன்.