டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால்

ஜோவிதா குருசுக்குப்பத்திலிருந்து தினமும் காலையில் பழைய டீசல் பிக்கப் வண்டியில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு பிள்ளைச்சாவடி மீனவர் கரைக்குப் போகிறவர். முன்பு அவர் கணவர் ரெக்ஸ் ஓட்டிய வண்டி அது. சர்க்கரை நோயில் ரெக்ஸின் வலது பாதம் மரத்துப்போனது. போன வருஷம் ஒரு நாள் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் ஜோவிதா ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார்.

சில வாரங்களிலேயே வண்டி திக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தயங்கித் தயங்கி நகரும். பாரம் இருந்தால் இழுக்காது. ஈ.சி.ஆர் சாலையில் சென்னை பஸ்கள் பின்னால் ஹாரன் அடிக்க, ஓரமாக ஊர்ந்து போவார். ஒருமுறை கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸில் கால்வாசி தண்ணீராகிவிட்டது.

இரண்டு பட்டறைகளில் காட்டினார். ஃபில்டர்களை மாற்றினார்கள். சரியாகவில்லை. "பொம்பளைங்க அரை கிளட்ச்லயே ஓட்டுவாங்க, அதான்" என்றார் ஒருவர். அன்றிலிருந்து ஜோவிதா கியர் மாற்றும்போதெல்லாம் தன் காலையே கவனித்தார்.

மூன்றாவதாகப் போனது முத்தியால்பேட்டை மெக்கானிக் ஷஃபீக்கிடம். அவர் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பிசகில்லாமல் ஓடியது.

"ஒண்ணும் இல்லியே அக்கா."

"இன்னிக்கு டேங்க் ஃபுல்லா இருக்கு பாய். முள்ளு பாதிக்குக் கீழ எறங்கட்டும், அப்பப் பாருங்க."

"எப்பவும் அப்பிடித்தானா?"

"ஒரு மாசமா பாத்துட்டு வரேன். பாதிக்கு மேல இருந்தா தொந்தரவே இல்ல."

ஷஃபீக் அதை அலட்சியப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் முள் இறங்கியதும் வண்டியை வரச் சொன்னார். டீசல் போகும் வழியில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூபைப் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டார். டீசலோடு காற்றுக் குமிழிகள் ஓடின. டேங்க்கைக் கழற்றினார். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயின் நடுவில் துருவேறி ஒரு பொத்தல். டீசல் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் இன்ஜின் காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது.

"நீங்க சொல்லலன்னா நான் டீசல் பம்பைத்தான் பிரிச்சிருப்பேன்" என்றார் ஷஃபீக்.

புதுக் குழாய் போட்டாயிற்று. பழையதை ஜோவிதா வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். ரெக்ஸ் பொத்தலை விரலால் தடவினார்.

"நான் ஓட்டுறப்பவும் ரெண்டு தடவ இப்பிடி ஆச்சு, ஜோவி. காலாப்பட்டுகிட்ட பஸ்ஸுக்கு முன்னாடி அப்பிடியே நின்னுபோச்சு. என் காலுதான் சரியா மிதிக்கலன்னு நெனச்சேன். அன்னிக்குத்தான் சாவியக் குடுத்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மரத்துப்போன காலு. இன்னான்னு சொல்றது?"

ஜோவிதா பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் என் காலைத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

பாதத்துக்கு உணர்ச்சி திரும்பவில்லை. ரெக்ஸ் வண்டி ஓட்டக் கேட்கவும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பிள்ளைச்சாவடியில் பழைய கூட்டாளிகள் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்க, ஜோவிதா வண்டியைப் பின்னால் எடுத்து, மணலில் சிக்காமல் படகுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.